போர்தோ ரெட் ஒயினில் பென்சில் வாசம், சுருட்டுப் பெட்டி வாசம் என்கிறார்களே, காரம் தின்று வளர்ந்த நம் நாக்குக்கு அதெல்லாம் தெரியுமா?

தெரியும். நன்றாகவே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் உங்கள் கேள்வியின் அந்தக் கடைசிப் பாதியை ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் காரைக்கால்காரன். அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அப்படித்தான் இங்கே வந்தேன். பிரான்ஸின் போர்தோ நகரத்தில் ஒரு ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து இப்போது மேசை பார்க்கிறேன். ஒயினுக்கென்று பட்டயப் படிப்பு எதுவும் படிக்கவில்லை, படித்தவர்கள் தப்பு இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். குடிக்கச் சொல்லித் தருகிறான் என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், சுவைத்துப் பார்க்கும்போது நாங்கள் விழுங்குவதில்லை, வாயில் சுழற்றித் துப்பிவிடுவோம். அப்புறம் ராத்திரி முழுக்கத் தட்டு தூக்க வேண்டாமா.

அன்று புது ஒயின் பட்டியல் போடுவதற்காக எங்கள் சோமெலியே (ரெஸ்டாரண்டில் ஒயின் தேர்ந்து பரிமாறும் நிபுணர்) அம்மா ஊழியர்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். மூன்று பாட்டில், மூன்றும் துணி சுற்றி, எது எதுவென்று அவருக்கும் தெரியாதபடி. நான் உட்காரும்போதுதான் சீனியர் சர்வர் அந்த வார்த்தையைச் சொன்னார், மிளகாயில் வெந்த நாக்கு, இவனுக்கு எதற்குக் கிளாஸ் என்று. பதில் சொல்ல எனக்கு அன்றைக்குப் பிரெஞ்சு போதவில்லை.

முதல் கிளாஸை வெள்ளை மேசைத் துணிக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். ஓரத்தில், நாவல்பழம் சட்டையில் பட்டால் ஒரு ஊதா வருமே, அது. இளம் ஒயின். இரண்டாவதின் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது, வயசானது. மூக்கை வைத்ததும் மூன்றாம் வகுப்பு பெஞ்ச் வந்துவிட்டது, பென்சில் சீவின சுருளைக் கையில் வைத்து முகர்வோமே அதே வாசம், பின்னாலேயே காய்ந்த புகையிலை. கபர்னே சொவின்யோன் என்ற திராட்சை அதிகம் உள்ள, போர்தோவுக்குப் பக்கத்து மெதோக் பகுதி ஒயின் நாளாக நாளாக இப்படித்தான் ஆகும் என்று அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். மூன்றாவது கிளாஸில் பழமே இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் மழைக்கு நனைந்து கிடந்த அட்டைப்பெட்டி வாசம் மட்டும். மற்றவர்கள் மண் வாசம், ஆழம், கம்பீரம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் 'நனைந்த அட்டை' என்று எழுதினேன். அந்த அம்மா அந்தக் கிளாஸுக்குக் கடைசியாகத்தான் வந்தார், ஒரு முறை முகர்ந்தார், கீழே வைத்துவிட்டு 'புஷோனே' என்றார். கார்க்கில் இருக்கும் டிசிஏ என்ற பொருள் ஒயினைக் கெடுப்பதற்கு இங்கே சொல்லும் பேர் அது, லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். துணியை எடுத்தால், போர்தோ பண்ணைகளை வரிசைப்படுத்திய 1855 தரப்பட்டியலில் உள்ள பெரிய பண்ணை ஒயின். முதல் கிளாஸிலும் கபர்னே என்று நான் எழுதியது தப்பு, அது செந்த்-எமிலியோன் என்ற வேறு பகுதி ஒயின், பெரும்பகுதி மெர்லோ என்ற வேறு திராட்சை. ஆனால் அதற்கப்புறம் மிளகாய்ப் பேச்சு நின்றது.

எல்லாம் ஏமாற்று, 2001-இல் வெளியான ஆய்வைப் பார் என்று யாராவது எழுதுவீர்கள். தெரியும், இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் அது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள், அவர்கள் ரெட் ஒயினுக்கான வார்த்தைகளாக எழுதினார்கள். கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்றுதான் அதற்கு அர்த்தம். வாசமே இல்லை என்று ஆகிவிடாது. துணி சுற்றுவதே அதற்காகத்தானே.

நமக்கு ஒரு வசதி வேறு இருக்கிறது. இங்கே புதிதாகச் சேரும் பையன்களுக்கு டானின் என்றால் என்ன, கசப்பு என்றால் என்ன என்று பிரித்துச் சொல்லவே ஒரு வாரம் ஆகும். நம் அறுசுவையில் துவர்ப்பு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. டானின் அதுதான். கொய்யாப் பிஞ்சைக் கடித்தால் ஈறு இழுத்துப் பிடித்து வாய் வறண்டுவிடும், பழுக்காத திராட்சையின் துவர்ப்பு அப்படி. நாவல்பழத்தில் துவர்ப்பு இருந்தும் கூடவே சாறு ஊறும், பல வகைத் திராட்சை கலந்து செய்யும் நல்ல போர்தோவில் அப்படி இருக்க வேண்டும். கபர்னே எலும்பு, மெர்லோ சதை, கபர்னே ஃப்ரான் வாசனைக்கு, பெத்தி வெர்தோ நிறத்துக்கும் காரத்துக்கும் கொஞ்சம். மெர்லோ முன்னாடியே பழுத்துவிடும், கபர்னே பின்னால் பழுக்கும், மழையோ பனியோ ஒன்றைக் கெடுத்தால் மற்றது கைகொடுக்கும் என்பதால்தான் இந்த ஊரில் கலக்கவே செய்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது கூப்யூரில். மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரி வேலை தொடங்கும்வரை உள்ள மூன்று மணிநேர இடைவெளிக்கு இங்கே அதுதான் பேர். அதற்குச் சம்பளம் கிடையாது. வீடு தூரம், போய்த் திரும்ப நேரம் இருக்காது. இத்தனை வருடமாக தினமும் மூன்று மணிநேரம் நதிக்கரையில் பெஞ்சில், குளிர்காலத்தில் ட்ராம் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வருவதை வேலை நாளில் ஒரு தடவைகூட நின்று பார்த்தது கிடையாது. ஒயினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அதைக் கிளாஸில் ஊற்றுகிறவனின் நேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதலாம்.

சரி, உங்கள் பாட்டில். சென்னையிலோ மதுரையிலோ இருப்பீர்கள், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் அறைச் சூட்டில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், ஃபிரிட்ஜில் வைத்துக் கொஞ்சம் குளிரவையுங்கள், 16 முதல் 18 டிகிரி போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றாமல் ஒரு தடவை, சுழற்றி ஒரு தடவை முகருங்கள். வாயில் வைத்ததும் எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள், அது புளிப்பு. ஈறு எவ்வளவு இழுக்கிறது, தொண்டை எரிகிறதா, துப்பிய பின் ருசி எத்தனை நொடி நிற்கிறது, இதை மட்டும் எழுதுங்கள். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்காமல் எல்லாம் சேர்ந்தே வந்து சேர்ந்தே போனால் நல்ல ஒயின். ஒயின்காரர்கள் சொல்லும் பிளாக்கரண்ட் பழம் என்று எழுத வேண்டாம், நாவல் என்றே எழுதுங்கள், மறுபடி வந்தால் அடையாளம் தெரியும். பாதியை மூடி வைத்து ஒரு மணிநேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், இளம் ஒயின் என்றால் அதற்குள் நிறைய மாறியிருக்கும். கார்க்கை முகர்ந்து பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது, கிளாஸை முகருங்கள்.