ஸ்பின் பைக் வாங்குகிறவர்களுக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

உடற்பயிற்சி சைக்கிள்களைப் பழுது பார்ப்பது என் தொழில். விலை குறைந்தவைதான் அதிகம் கைக்கு வரும். எந்த பிராண்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டிக்கர் மாறும், பலவற்றில் உள்ளே இருக்கிற சாமான் ஒன்றேதான்.

புதுசு: சார், கையில் காசு குறைவு. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட்டை முழுக்க ஏற்றியும் கால் நீளவில்லை என்றால் அந்த பைக் உங்களுக்கு இல்லை, தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும். சீட் முன்னும் பின்னும் நகர வேண்டும், ஹேண்டில் ஏறி இறங்க வேண்டும். மேலும் கீழும் மட்டும் நகரும் சீட் வேண்டாம்.

அடுத்து, எழுந்து நின்று இடமும் வலமுமாக உடம்பைச் சாய்த்து மிதியுங்கள். சட்டம் கொஞ்சம் ஆடினால் மன்னிக்கலாம். பெடலைப் பிடித்துச் சுற்றும் கை, அதாவது கிராங்க் பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் இறங்கிவிடுங்கள்.

கிராங்க்கைக் குனிந்து பாருங்கள். ஒரே கம்பியை இரண்டு பக்கமும் வளைத்துச் செய்திருந்தால், ஒரு பக்கம் மரை போனாலும் முழுசாகக் கழற்றி மாற்ற வேண்டும். அச்சு தனி, கை இரண்டும் தனி என்றால் கெட்டுப்போன கையை மட்டும் மாற்றினால் போதும். பெரிய திரைக்குக் கொடுக்கிற காசை இங்கே கொடுங்கள். தாங்கும் எடை என்று போட்டிருப்பது உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூட இருக்கட்டும். ஐஎஸ்ஓ 20957 என்ற தர எண் இருந்தால், பக்கத்தில் ஹெச் என்ற எழுத்து வீட்டு உபயோகத்துக்கு, எஸ் என்றால் ஜிம்முக்கு.

வாங்கிய பிறகு இடது பெடலைக் கவனியுங்கள். அதன் மரை எதிர்த்திசையில் சுற்றும். எல் என்று பொறித்திருக்கும் பெடலை விரலாலேயே சுழற்றி ஏற்றி, கடைசியில்தான் ஸ்பானர் போட வேண்டும். நாலைந்து முறை ஓட்டிய பிறகு மறுபடி இறுக்குங்கள். என்னிடம் வரும் கிராங்க்குகளில் பெரும்பாலானவை இதைச் செய்யாததால் வந்தவை.

இரவுப்பறவை: குழந்தை தூங்கிய பிறகுதான் ஓட்ட முடியும். சத்தம் வராதது எது?

பெடலிலிருந்து கனச் சக்கரத்துக்கு (ஃப்ளைவீல்) பெல்ட், அதோடு சக்கரத்துக்குப் பிடி கொடுக்க மேக்னெட். வேறு யோசனையே வேண்டாம். செயின் என்றால் எண்ணெய் போட வேண்டும், தொய்வை இழுக்க வேண்டும். ஃபெல்ட் கட்டை சக்கரத்தில் உரசும் வகை நாளடைவில் காய்ந்து கீச்சிடும், தூளும் கொட்டும். மேக்னெட் சக்கரத்தைத் தொடாது, தேய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. அடியில் ரப்பர் பாய் போடுங்கள்.

பதினெட்டுக் கிலோ: அண்ணே, 8 கிலோ ஃப்ளைவீலா, 18 கிலோவா? கனமான சக்கரத்தைச் சுற்றினால்தானே உடம்பு இளைக்கும்?

இல்லை தம்பி. ஒரே வேகத்தில் ஓடும்போது சக்கரம் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை. வேலை வாங்குவது பிரேக் கட்டையோ மேக்னெட்டோதான். சாதாரண 18 கிலோ சக்கரத்தை நின்ற நிலையிலிருந்து நிமிடத்துக்கு 240 சுற்று வரை ஏற்ற ஏறக்குறைய 140 ஜூல் போதும். அது ஒரு கிலோ கலோரியில் முப்பதில் ஒரு பங்கு! கனம் இருப்பது மிதி சீராக வருவதற்கு. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலுக்கு பலம் குறையும், அந்த இடத்தைச் சக்கரம் இழுத்துக் கடத்திவிடும்.

பதினெட்டுக் கிலோ: அப்படியானால் ஸ்டுடியோக்களில் கனமான சக்கரம் வைத்திருப்பவர்கள் முட்டாள்களா?

முட்டாள்கள் இல்லை. ஜானி கோல்ட்பெர்க் உருவாக்கிய பைக்கை ஷ்வின் கம்பெனி 1995-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சாலையில் சைக்கிள் ஓட்டும் உணர்வு காலுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கனமான சக்கரம் அதைக் கொடுத்தது. ஆனால் அதே உணர்வை வேகத்தாலும் கொண்டுவரலாம். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்று ஓடுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கத்தால் கிலோவைப் பெருக்க வேண்டும். 8 கிலோ சக்கரம் 4 சுற்று ஓடினால் 128. 14 கிலோ சக்கரம் 3 சுற்று ஓடினால் 126.

பழைய வாத்தியார்: விட்டத்தை விட்டுவிட்டீர்களே ஐயா. ஆரமும் வர்க்கமாகத்தான் வரும்.

சரிதான் ஐயா, விட்டம் ஒன்றாக இருந்தால்தான் என் கணக்கு. எடை விளிம்பில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதும் சேரும். பெட்டியில் போட்ட கிலோ தனியாக ஒன்றும் சொல்லாது என்பதற்கு நீங்களும் ஒரு காரணம் கொடுத்துவிட்டீர்கள்.

தம்பிக்காக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மேக்னெட்டின் பிடி வேகம் கூடக் கூடத்தான் கூடும். எழுந்து நின்று மெதுவாக மிதிப்பவருக்கு, சுற்றும் குறைவு எடையும் குறைவு என்ற பைக்கில் ஒவ்வொரு மிதியும் வெட்டி வெட்டி வரும்.

கணக்குப்பிள்ளை: அரை மணி நேரத்தில் 500 கலோரி காட்டுகிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். பல மலிவான திரைகள் சுற்றை மட்டுமே எண்ணுகின்றன. பிடியைத் தளர்த்தி ஒரு நிமிடம், இறுக்கி ஒரு நிமிடம், ஒரே வேகத்தில் மிதியுங்கள். இரண்டுக்கும் ஒரே கலோரி காட்டினால் விஷயம் புரிந்துவிடும். 100 வாட் சக்தியில் ஒரு மணி நேரம் மிதித்தால் 360 கிலோ ஜூல். உடம்பு தின்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்கு வருவதால், செலவு 360 கிலோ கலோரியை ஒட்டி வரும், அரை மணிக்கு அதில் பாதி. திரை கலோரி என்று போடுவது இந்தக் கிலோ கலோரியைத்தான்.

மெலிய விரும்புபவர்: என் பைக்கில் 700 காட்டுகிறது, இது...

மேலே படியுங்கள்.

முழங்கால்: முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது.

பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் வலித்தால் இறக்க வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் ஸ்பானர்தான் இருக்கிறது. முதல் நாளே வெறியோடு மிதித்து, தொடை வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், விளையாட்டு இல்லை.

இரட்டையர் அம்மா: வீட்டில் இரண்டு வாண்டுகள். பயமா?

பயப்பட வேண்டியதுதான். இந்த வகையில் பலவற்றில் ஃப்ரீவீல் கிடையாது. நீங்கள் நிறுத்தினாலும் சக்கரம் பெடலை இழுத்துக்கொண்டு சுற்றும், பிஞ்சு விரல் மாட்டினால் போச்சு. இறங்கும்போது பிடியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை முழுக்க இறுக்கிவிடுங்கள், அறையையும் பூட்டுங்கள். அவசரத்துக்கு அதே குமிழை அழுத்தினால் பிரேக் பிடிக்கிறதா என்று வாங்கும்போதே சோதியுங்கள்.

ஆப் பிரியர்: எந்தச் செயலியுடன் ப்ளூடூத் நன்றாகச் சேரும்?

என் துறை இல்லை.

மூன்று வார ஓட்டம்: மிதிக்கும்போது இடது காலடியில் ஏதோ லொடலொடக்கிறது.

இடது பெடலை மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தேன். இறுக்கினீர்களா? இல்லை என்றால் இப்போதே ஓட்டத்தை நிறுத்திவிட்டு இறுக்குங்கள். இறுகாமல் வெறுமனே சுற்றினால் மரை போய்விட்டது, கிராங்க் கையை மாற்றத்தான் வேண்டும்.

பதினெட்டுக் கிலோ: அண்ணே, போய் எண்ணியே பார்த்துவிட்டேன். 8 கிலோவில் 4 சுற்று, 18 கிலோவில் 3. விட்டம் ஒன்றுதான். 162-க்கு 128. அப்போதும் 18 தானே பெரிது?

பெரிதுதான். 10 கிலோ வித்தியாசம் என்று பெட்டி சொன்னது, கணக்குப் போட்டால் 4 கிலோ அளவுக்குத்தான் வருகிறது. ஆசையாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. மாடிக்குத் தூக்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.