பிரஷர் நார்மலாகிவிட்டது, பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தலாமா?

அப்பா ஒன்பது வருடமாக அட்டெனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது பிரஷர் 120/80, இனி எதற்கு மாத்திரை என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நாளைக் காலையிலும் அதைக் கொடுங்கள். அந்த 120/80 மாத்திரையோடு சேர்ந்து வந்த கணக்கு.

நான் இதே தப்பைச் செய்தவன். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் தினமும் அட்டெனலால் 50 மி.கி. ஒரு மாதம் பொள்ளாச்சி போனபோது வாங்க மறந்தேன், நார்மல்தானே என்று அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை, வழக்கமான அசதிகூடக் குறைந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் தடதடவென்று சத்தம். என் நெஞ்சுதான். மனைவி மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்: 116. எப்போதும் 60-ஐத் தாண்டாத நாடி அது.

பாலக்காட்டில் பார்த்தபோது பிரஷர் 180/110. "சேட்டா, இது சட்டென்று நிறுத்துகிற மருந்தல்ல" என்றார் டாக்டர். அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை மாத்திரை வருடக்கணக்கில் மறைத்து வைப்பதால், உடம்பு அந்த இடங்களை இன்னும் கூட்டிக்கொள்கிறதாம். மாத்திரை திடீரென்று நின்றால் அட்ரினலின் மொத்தமாக வந்து இதயத்தை விரட்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைகூடப் போகலாம்.

மாத்திரையை மாற்றலாமா என்று கேட்பது மட்டும் நியாயமான கேள்வி. வெறும் பிரஷருக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, பக்கவாதத்தைத் தடுப்பதில் அட்டெனலால் மற்ற மருந்துகளைவிடப் பின்தங்கியது தெரிந்து, 2006-இல் பிரிட்டன் வழிகாட்டுதலில் பீட்டா பிளாக்கரை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், துடிப்பு தாறுமாறாக ஓடுபவர் என்றால் கதை வேறு. எனக்கு அம்லோடிபின் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, அட்டெனலாலை இரண்டு வாரம் 25 ஆக்கி, அப்புறம்தான் நிறுத்தினார்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், பெரும்பாலும் வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். போகும்போது ஒன்பது வருடத்துக்கு முந்தைய சீட்டு கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எதற்காக ஆரம்பித்தார்கள் என்று டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.