தாது வருஷப் பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும்தான் காரணமா?

மழை பொய்த்தது உண்மைதான். 1876-78இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமாகி மழையைக் குலைக்கும் நிகழ்வு, சென்னை மாகாணத்தோடு வட சீனாவையும் பிரேசிலின் வடகிழக்கையும் சேர்த்தே வாட்டியது. ஆனால் வறட்சி வேறு, பஞ்சம் வேறு.

1873-74 பீகார் வறட்சியின்போது பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பர்மா அரிசியை இறக்கினார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, வீண்செலவு செய்தார் என்ற வசவு! சரி, 1877இல் அதே மனிதர் சென்னைக்கு வந்தார், இந்த முறை சிக்கனக்காரராக. நிவாரண வேலையில் உழைத்தவருக்கு நாள் கூலி சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும்தான். வைஸ்ராய் லிட்டன் தானிய விலையில் தலையிட மறுத்தார், ஏற்றுமதியும் நிற்கவில்லை. இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

அப்புறம், பிழைத்தவர்களில் பலர் மாட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். தோட்டத்து லாபம் போனதோ லண்டனுக்கு.