‘கிளீன் அப்’, ‘கிளீன் அவுட்’, ‘வைப் டவுன்’: எதை எங்கே சொல்வது?

கேள்வி: சுத்தம் செய்வதைச் சொல்லும் ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களில் (வினைச்சொல்லோடு சிறுசொல் சேர்ந்து ஒரே பொருள் தருபவை) அப், அவுட், ஆஃப், டவுன் என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கிறதே, ஏன்? வெறும் ‘கிளீன்’, ‘வைப்’ என்றால் போதாதா?

பதில்: பல இடங்களில் போதாது. கையால் என்ன வேலை செய்கிறோம் என்பதை வினைச்சொல் சொல்லிவிடும். அழுக்கு எங்கே இருக்கிறது, அது என்ன ஆகவேண்டும் என்பதைப் பின்னால் வரும் சிறுசொல்தான் சொல்லும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், இந்தச் சிறுசொல்லை ஒட்டுவால் என்று நினைத்து விட்டுவிடுவதுதான்.

‘வைப்’ ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் பால் கொட்டிவிட்டது. அந்தப் பாலைத் துணியால் ஒற்றி எடுக்க ‘வைப் அப் த மில்க்’. பால் போன பிறகு ஈரத்துணியால் மேசை முழுக்க ஒரு முறை துடைக்க ‘வைப் டவுன் த டேபிள்’. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தூசியோ பேனாக் கோடோ போகவேண்டுமா, ‘வைப் ஆஃப்’. வாணலி, டிபன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் உட்புறத்தைத் துடைக்க ‘வைப் அவுட்’.

இங்கே கவனிக்கவேண்டியது, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வருகிறது என்பது. ‘வைப்’போடு ‘அப்’ போட்டால் பெரும்பாலும் எடுக்கப்படும் பொருள் வரும்: பால், தண்ணீர், குப்பை. ‘டவுன்’ போட்டால் துடைக்கப்படும் பரப்பு வரும்: மேசை, சுவர், கதவு. இதை மாற்றி ‘வைப் அப் த டேபிள்’ என்றால் கேட்பவருக்கு இடறும். ‘ஆஃப்’ மட்டும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ‘வைப் ஆஃப் த டஸ்ட்’ என்றும் சொல்லலாம், ‘வைப் ஆஃப் த டேபிள்’ என்றும் சொல்லலாம். துடைப்பத்துக்கும் மாப்புக்கும் இதே கணக்குதான். தரையைப் பெருக்குவது ‘ஸ்வீப் த ஃப்ளோர்’, சேர்ந்த குப்பையைக் கூட்டி அள்ளுவது ‘ஸ்வீப் அப்’. தரைக்கு மாப் போடுவது ‘மாப் த ஃப்ளோர்’, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுப்பது ‘மாப் அப்’. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதும் ‘மாப் அப்’தான்.

வேலையிடத்தில் அதிகமாகக் குழப்புவது ‘கிளீன் அப்’, ‘கிளீன் அவுட்’ இரண்டும். ‘கிளீன் அப் த கிச்சன்’ என்றால் சமையல் முடிந்து கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்தி, சிந்தியதைத் துடைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவருவது. ‘கிளீன் அவுட் த ஃப்ரிட்ஜ்’ அதைவிடப் பெரிய வேலை: உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, கெட்டதையும் வேண்டாததையும் கழித்து, உள்ளே துடைத்து, மிச்சத்தைத் திரும்ப அடுக்குவது. ஹவுஸ்கீப்பிங்கிலோ முதியோர் பராமரிப்பிலோ இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அலமாரியை ‘கிளீன் அவுட்’ பண்ணச் சொன்னவர் கதவை மட்டும் துடைத்திருப்பதைப் பார்த்தால் வேலை நடக்கவே இல்லை என்றுதான் நினைப்பார்.

அலுவலக பேன்ட்ரிகளில் ‘கிளீன் அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’ என்ற அறிவிப்பு இருக்கும். நீங்கள் உண்டாக்கிய அழுக்கை நீங்களே எடுத்துவிட்டுப் போங்கள் என்று பொருள். பூங்காவில் ‘கிளீன் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்றிருந்தால் நாயின் மலத்தைப் பையில் அள்ளி எடுக்கவேண்டும்.

‘வாஷ் அப்’பில் நாட்டுக்கு நாடு பொருள் மாறும். பிரிட்டனில் அது பாத்திரம் கழுவுவது. பாத்திரம் கழுவும் திரவத்துக்கு அங்கே ‘வாஷிங் அப் லிக்விட்’ என்றே பெயர். அமெரிக்காவில் அது கைமுகம் கழுவுவது. பாத்திரத்துக்கு ‘டூ த டிஷஸ்’ என்பார்கள். சாப்பிடும் முன் ‘கோ வாஷ் அப்’ என்று அமெரிக்கர் சொன்னால் சிங்க் பக்கம் போய்ப் பாத்திரத்தில் கை வைக்காதீர்கள். ‘பிக் அப் யுவர் ரூம்’ என்பதும் அமெரிக்கப் பேச்சு, அறையில் இறைந்து கிடப்பதை எடுத்துவைக்கச் சொல்வது. பிரிட்டனில் இதையே ‘டைடி அப்’ என்பார்கள்.

கறை போவதைச் சொல்ல ‘கம்’ வரும். துணிக்குள் இறங்கிய கறை ‘கம் அவுட்’, பாட்டிலின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் ‘கம் ஆஃப்’. சலவைக் கடையில் சட்டையைக் கொடுத்து ‘வில் திஸ் ஸ்டெய்ன் கம் அவுட்?’ என்று கேட்டால் போதும். ஊறவைப்பதற்கு வெறும் ‘சோக்’ மட்டுமே. ‘சோக் அப்’ என்றால் உறிஞ்சுவது. ‘சோக் அப் த க்ளோத்ஸ்’ என்று சொன்னால் பொருளே மாறிவிடும்.

‘அது’, ‘அவை’ என்று சுட்டும்போது ஒரு விதி கண்டிப்பானது. ‘வைப் அப் த மில்க்’, ‘வைப் த மில்க் அப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான் வரும்: ‘வைப் இட் அப்’. ‘வைப் அப் இட்’ தவறு. பேச்சில் இந்த மூன்றும் ஒட்டி ‘வைபிட்டப்’ என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். கடைசி ‘அப்’பில் அழுத்தம் வரவேண்டும். மேலே சொன்ன ‘கிளீன் அப் ஆஃப்டர்’ மட்டும் பிரியாது. ‘கிளீன் அப் ஆஃப்டர் ஹிம்’ என்றே சொல்லவேண்டும்.

இந்தச் சொற்களில் பல சுத்தத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கின்றன. மழையால் ஆட்டம் ‘வாஷ்டு அவுட்’ ஆவது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழக்கம். மாத்திரையைத் தண்ணீர் குடித்து விழுங்குவது ‘வாஷ் டவுன்’. திருடர்கள் வீட்டைத் துடைத்துவைத்தாற்போல் அள்ளிப் போனால் ‘கிளீன்டு அவுட்’. தட்டைக் காலி செய்வது ‘பாலிஷ் ஆஃப்’. உடம்பில் வந்த தடிப்பு மறைந்தால் ‘கிளியர்டு அப்’. ‘கிளியர் ஆஃப்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் ‘கிளியர் ஆஃப் த டேபிள்’ என்றால் மேசையில் இருப்பதை எடுத்துவிடு என்று பொருள். பிரிட்டனில் ஒருவரைப் பார்த்து வெறுமனே ‘கிளியர் ஆஃப்’ என்றால் ‘இடத்தைக் காலி பண்ணு’ என்று விரட்டுவது. தூக்கிப் போடுவதற்கு ‘த்ரோ அவுட்’, ‘த்ரோ அவே’ இரண்டும் ஒன்றே. ‘த்ரோ அப்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது வாந்தி எடுப்பது.

எழுதும்போது ஒன்று: வினையாக வரும் ‘கிளீன் அப்’ இரண்டு சொல், அழுத்தம் ‘அப்’பில். பெயர்ச்சொல்லாக வரும் ‘கிளீனப்’ சேர்த்தோ இடையில் சிறுகோடு போட்டோ எழுதப்படும், அழுத்தம் முதல் அசையில்.