இரத்தப் புரதங்கள் நோய் எதிர்ப்புச் செல்களை எப்படி வளர்க்கின்றன? புரதம் நிறையச் சாப்பிட்டால் அவை பெருகுமா?

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறே இதற்குப் பாதிப் பதில். தூண்டிவிட்ட டி செல்களுக்கு (நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை) ஊடகம், அதாவது அவை வளரும் சத்து நீர், மாற்றினேன். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், 10 சதவீதம் சீரம் எல்லாம் இருந்தன. செல்களைப் பெருகச் சொல்லும் புரதமான இன்டர்லூகின்-2 சேர்க்க மட்டும் மறந்துவிட்டேன். முதல் ஓரிரு நாள் டி செல்களே அதைச் சுரந்துகொள்ளும். பிறகு நாம்தான் ஊற்ற வேண்டும்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஊடகம் அதே சிவப்பு. செல்கள் பெருகியிருந்தால் அவை கழிக்கும் அமிலத்தில் மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில், கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்க வேண்டியவை தனித்தனியாகச் சுருங்கிக் கிடந்தன. தட்டு நிறையச் சாப்பாடு இருந்தது. பெருகச் சொல்லத்தான் ஆளில்லை.

இன்டர்லூகின்-2 பெரும்பாலும் சுரந்த இடத்தருகிலேயே வேலையை முடித்துவிடும். இரத்தத்தில் நெடுந்தூரம் போய் ஆணையிடும் புரதத்துக்கு ஜி-சிஎஸ்எஃப் நல்ல உதாரணம். எங்கோ கிருமி நுழைந்ததும் இரத்தத்தில் இதன் அளவு ஏறும். எலும்பு மஜ்ஜை, கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் உற்பத்தியைக் கூட்டும். சாதாரண நாளிலேயே மஜ்ஜை சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கீமோதெரபிக்குப் பின் வெள்ளையணுக்கள் சரிந்தவர்களுக்கு ஜி-சிஎஸ்எஃப்பையே ஊசியாகப் போடுகிறார்கள். போட்டுக்கொண்டவர்களில் பலர் எலும்பு வலியைச் சொல்வார்கள். மஜ்ஜை அவ்வளவு மும்முரமாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இரத்தப் புரதம் டிரான்ஸ்ஃபெரின். ஆணையிடாத, வெறும் சுமைதூக்கி. ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அயனிகளைச் சுமக்கும். டிஎன்ஏவை நகலெடுக்க இரும்பு வேண்டும் என்பதால், தூண்டப்பட்ட டி செல் தன் மேற்பரப்பில் டிரான்ஸ்ஃபெரினைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளை ஏராளமாக ஏற்றிவைக்கிறது. அந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிழையோடு பிறந்த குழந்தைகளுக்கு இரத்தசோகை லேசாகத்தான் இருந்தது. டி செல்களும், எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களும் பெருக முடியாமல் நோய் எதிர்ப்புக் குறைபாடுதான் கடுமையாக இருந்தது. இரும்பு என்றதும் சிவப்பணுவை மட்டும் நினைக்கும் நமக்கு இது ஒரு குட்டு.

புரதப் பொடி விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அது எந்த ஆணையையும் சுமந்து இரத்தத்துக்குள் போவதில்லை. கடும் ஊட்டக்குறைவு இருந்தால் கல்லீரலால் டிரான்ஸ்ஃபெரினைப் போதிய அளவு செய்ய முடியாது. அங்கே உணவுப் புரதம் உண்மையாகவே உதவும். வயிறாரச் சாப்பிடுகிறவருக்கு இன்னொரு கரண்டிப் பொடி சேர்ப்பது, நான் அன்று செய்தது போல, ஏற்கெனவே நிறைந்த தட்டில் இன்னும் சோறு போடுவதுதான்.