கேட்க எதுவுமில்லாத ஜெபம்

கேள்வி: பிள்ளையில்லாத என் பெரியம்மா தன் சொத்தை என் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். அதை விற்று வந்த பணம் என் பதினைந்து ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு ஜெபித்தவன் நான். இப்போது முழங்காலிட்டால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. உறவினர்கள் கடன் கேட்கிறார்கள். சபையில் ஒரு சகோதரர் தன் தொழிலில் பங்கு சேரச் சொல்கிறார். மனைவியிடம்கூட முழுத் தொகையை இன்னும் சொல்லவில்லை. தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, சபைக்குக் கொடுத்துவிட்டால் மனம் ஆறுமா? மீதியை எங்கே போடலாம்?

பதில்: எங்கே போடலாம் என்பது எளிது. ஆறு மாதத்துக்கு வங்கி வைப்பில் போடுங்கள். வங்கி நொடித்தாலும் எவ்வளவு தொகைவரை திரும்பக் கிடைக்கும் என்ற வைப்புக் காப்பீட்டு வரம்பைப் பார்த்து இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துக்கொள்ளுங்கள். அதிக வட்டிக் கடன் இருந்தால் உடனே அடைத்துவிடுங்கள். வரிக்கு எவ்வளவு என்று கணக்காளரிடம் கேட்டுத் தனியே ஒதுக்குங்கள். அதுவரை வேறு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மனைவியைப் பற்றிய வரிதான்.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன் சகோதரனிடமிருந்து பாகம் பிரித்து வாங்கித் தரும்படி இயேசுவிடம் வருகிறான். அதற்கு மறுமொழியாகத்தான் இயேசு ஒரு ஐசுவரியவானின் உவமையைச் சொல்கிறார். அந்த ஐசுவரியவான் திருடவில்லை, நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் யோசனையும், பணக் கணக்குப் பார்க்கும் என் தொழில்கண்ணுக்கு, மோசமானதல்ல. ஆனால் அவன் யாரிடம் பேசுகிறான் என்று பாருங்கள். தனக்குள்ளே யோசிக்கிறான், தன் ஆத்துமாவுக்கே சொல்லிக்கொள்கிறான். மனைவி, வேலையாள், அயலான் எவரும் அங்கே இல்லை. அவனைத் தவிர அந்தக் கதையில் வாய் திறப்பவர் தேவன் மட்டுமே, அதுவும் அவனுடைய கடைசி இரவில்.

என்னிடம் வந்த ஒருவர் ஒரே நோட்டில் வலப்பக்கம் வரவு செலவும் இடப்பக்கம் ஜெபக் குறிப்புகளும் எழுதிவந்தார். எதிர்பாராத பெருந்தொகை வந்தபின் வலப்பக்கம் நிரம்பியது. இடப்பக்கம் மூன்று மாதமாக வெள்ளையாகவே கிடந்தது. அவர் குடிக்கவில்லை, ஆடம்பரமும் செய்யவில்லை, ஒரு ஞாயிறு ஆராதனையைக்கூடத் தவறவிடவில்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிராத நிலை வந்துவிட்டது, அதுதான் வியாதி. உங்களுக்கும் எழுத எதுவும் தோன்றாவிட்டால், நீதிமொழிகள் 30-இல் ஆகூர் கேட்டதைக் கேளுங்கள். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை அளந்து கொடும் என்றார் அவர். நிறைந்துபோனால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவோமோ என்பது அவருடைய பயம்.

2 இராஜாக்கள் 7-இல் வரும் நான்கு குஷ்டரோகிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். முற்றுகையில் சமாரியா பட்டினி கிடக்க, சீரியர் விட்டோடிய பாளயம் இவர்கள் கையில் கிடைக்கிறது. ஒரு கூடாரத்தில் உண்டு குடித்து, வெள்ளியும் பொன்னும் வஸ்திரமும் எடுத்துக்கொண்டுபோய் ஒளித்துவைக்கிறார்கள். திரும்பி வந்து இன்னொரு கூடாரத்திலும் அப்படியே. அதன்பிறகே ‘நாம் செய்கிறது நியாயமல்ல’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டாவது கூடாரத்தில் நிற்கிறீர்கள். இன்றிரவே பாஸ்புக்கை மனைவியின் கையில் கொடுங்கள்.

தசமபாகம் கொடுங்கள், நல்லது. ஆனால் மீதித் தொண்ணூறு பங்கைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பதற்கு அதை ரசீதாக்கிவிடாதீர்கள். மெதடிஸ்டு சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்போர்டு இளைஞர் ஒருவரின் கணக்கைச் சொல்கிறார். அது வெஸ்லியின் சொந்தக் கணக்கே என்பது பலருடைய கருத்து. வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். 60 ஆனபோதும் செலவு அதே 28, கொடுத்தது 32. 90 ஆனபோது 62, 120 ஆனபோது 92. என்னைக் கேட்டால், கொடுக்கும் விழுக்காட்டைவிட வாழும் செலவுக்கு வரம்பு குறிப்பதே முக்கியம். இருவருமாக உட்கார்ந்து, அந்தத் தொகையை இப்போதே எழுதுங்கள். ஆறு மாதம் போனால் அது தானாகவே ஏறியிருக்கும்.

சபைச் சகோதரரிடம் மூன்று ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். உருக்கமாக ஜெபிப்பவர் என்பது தணிக்கை அறிக்கைக்கு ஈடாகாது. ‘விசுவாசம் இல்லையா?’ என்று திருப்பிக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உறவினர்களில் உண்மையிலேயே முடையில் இருப்பவருக்குத் திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். கடனென்று எழுதினால் பணத்தோடு உறவும் போகும். மற்றவர்களிடம், பணம் ஆறு மாத வைப்பில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல.