பிடிபட்ட மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாமா?

உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில் புகையிலைப் பொட்டலம் அகப்பட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளின் நலன் கருதி அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாமா, இனி இப்படி நேராமல் தடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள் என்பதே என் பதில். அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் 19 ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். இதே கேள்வி எங்கள் ஆசிரியர் அறையிலும் ஒருமுறை எழுந்தது; அன்று நானும் அனுப்பிவிடலாம் என்ற பக்கமே நின்றேன்.

அந்த மாணவன் கடைசி வரிசையில் அமர்வான். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்பதைக்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் சொல்வான். புதினா மணம் அடித்ததால் ஏதோ மிட்டாய் என்று நான் வாரக்கணக்கில் நினைத்திருந்தேன். கீழுதட்டை விலக்கிக் காட்டச் சொன்னபோது, ஈறை ஒட்டித் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தேயிலைப் பை போன்ற நகத்தளவுப் பொட்டலம் ஒன்று அங்கே ஒதுங்கியிருந்தது. நாங்கள் அனைவரும் திட்டி முடித்த பிறகு, எங்கள் தமிழாசிரியை அவனை மதிய உணவு வேளையில் அருகில் உட்காரவைத்து, "ராத்திரி எத்தனை மணிக்குப்பா படுத்தே?" என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அவன் வாய் திறந்தான். தகப்பனார் இறந்ததிலிருந்து முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறான். இலை எடுத்து, பாத்திரம் கழுவி முடிக்க இரவு 2 மணி ஆகிவிடும். தூக்கம் கலைவதற்காக உடன் வேலை செய்த அண்ணன் ஒருவர் கொடுத்ததுதான் முதல் பொட்டலம். பதிவேட்டைப் புரட்டியபோது ஆவணியிலும் தையிலும் அவனுடைய விடுப்புகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நாள்தோறும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்திட்டவன் நான்.

அவனைப் பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தால் அதே மண்டபத்துக்கு முழுநேர ஆளாகப் போயிருப்பான். சட்டமும் கொடுத்தவரைத்தான் தண்டிக்கச் சொல்கிறது. 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77 ஆவது பிரிவில், குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பொட்டலம் எங்கே கிடைத்தது என்று கேட்டறிந்து தலைமையாசிரியர் வழியாகப் புகார் கொடுங்கள்; சொன்னவன் யார் என்பது மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் அடுத்த பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது.

புகையிலையிலுள்ள நிக்கோட்டினை நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சலும் தவிப்பும் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போய், பிறகு சில வாரங்களில் படிப்படியாக அடங்கும். அந்த நாட்களில் மாணவன் எதிர்த்துப் பேசினாலோ மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாலோ, அவன் விட முயல்வதன் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்பதை எல்லாப் பாட ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும். எங்களில் பலருக்கு அன்று அது தெரியாது.

தடுப்பது பற்றிக் கேட்டீர்கள். போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி எடுப்பதோடு கடமை முடிந்ததாக நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் காவலர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்திய 'டேர்' திட்டம், அதன் பழைய வடிவில், மாணவர்களின் போதைப் பழக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றே ஆய்வுகள் காட்டின. ஐஸ்லாந்து நாட்டினர் பிள்ளைகளின் மாலைப் பொழுதை மாற்றினார்கள்: விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது, பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட்டனர். முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்ன 15, 16 வயதினர் அங்கே 1998 இல் 42 விழுக்காடு. 2016 இல் 5 விழுக்காடு. அது சிறிய, வசதியான நாடுதான். ஆனால் விளையாட்டுப் பாடவேளையைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்காக வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்த நமக்கு எந்த வசதியும் தேவையில்லை. நான் ஆண்டுக்கணக்கில் அப்படி வாங்கியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

மன நலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பாசிரியரின் கண்ணெதிரே நடப்பது அது. நன்றாகப் படித்தவன் திடீரென்று பின்தங்குவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, மதிய உணவைத் தொடாமல் மூடிவைப்பது ஆகியவற்றைக் கண்டால் தனியாக அழைத்துக் கேளுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அங்கிருந்தபடியே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். இரவு பகலாக, தமிழிலும் பேசுவார்கள். வீட்டிலேயே கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098. கஞ்சா, மாத்திரை, மது என்று போயிருந்தால் அறிவுரையோடு நிற்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.

எங்கள் மாணவனின் தாயாரை அழைத்துப் பேசினோம். இரவு வேலையை நிறுத்தினால் குடும்பம் நடக்காது என்று அழுதார். தகப்பனை இழந்த குழந்தைகளுக்கான உதவித்தொகைக்குத் தமிழாசிரியையே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அரையாண்டுத் தேர்வின்போது அவன் மறுபடியும் ஒருநாள் பொட்டலம் வைத்தான். இந்த முறை உதட்டை விலக்கிக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; காலை வழிபாட்டுக்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "நேத்து வெச்சுட்டேன் ஐயா" என்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.